குட்டி ரயிலுக்கு மரம் வளர்க்க வரும் பிள்ளைகளுக்கு

வீட்டு முற்றத்தில் தண்டவாளம் போட்டுச் சிறு ரயில் ஓட்ட ஆசைப்பட்டு என்னிடம் வருகிற பிள்ளைகள் முதலில் எஞ்சினைப் பற்றிக் கேட்கிறார்கள். அடுத்துப் பாலம், ஸ்டேஷன், சிக்னல். செடியைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும், அதுவும் "எதை நட்டால் சீக்கிரம் வளரும்?" என்றுதான் வரும். எஞ்சினைக் கடையில் வாங்கி அன்றைக்கே ஓட்டிவிடலாம். முழங்கால் உயரத்தில் முதிர்ந்த மரமாக நிற்கிற ஒன்றை, உங்கள் பாதைக்குப் பொருந்துகிற ஒன்றை, வருடக்கணக்கில் வெட்டி வெட்டித்தான் உண்டாக்க வேண்டும். நான் ஈப்போ பக்கத்துத் தோட்டத்தில் பால்மரங்களுக்கு நடுவே வளர்ந்தவன். மரத்தில் கத்தி வைக்கக் கற்றது அங்கேதான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முன்பின்னாகப் படித்தாலும் சரி, முதல் இரண்டை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

1. அளவுகுச்சி இல்லாமல் கத்தரியைத் தொடாதீர்கள்.

நம் நாட்டு ரயில் மீட்டர் பாதையில் ஓடுவது. இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 1,000 மில்லிமீட்டர். தோட்ட ரயில்களில் அதிகம் புழங்கும் பாதையின் அகலம் 45 மில்லிமீட்டர். ஜெர்மனியின் லேமான் நிறுவனம் 1968-இல் எல்.ஜி.பி. என்ற பெயரில் கொண்டுவந்த வண்டிகள் ஓடுவது இதில்தான். ஆயிரத்தை 22.5-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 45 வரும். ஆகவே 22.5-இல் ஒரு பங்கு என்ற கணக்கை வைத்துக்கொண்டால் பேராக்கின் ரயில் அப்படியே உங்கள் முற்றத்துக்கு வந்துவிடும்.

மரத்துக்கும் அதே கணக்குத்தான். ஐந்தரை அடி ஆள் ஏழரை சென்டிமீட்டர். 10 மீட்டர் மரம் 44 சென்டிமீட்டர். 20 மீட்டர் தென்னை 89 சென்டிமீட்டர். ஒரு மூங்கில் குச்சியில் ஒவ்வொரு மீட்டருக்கும் 4.4 சென்டிமீட்டர் என்று கோடு போட்டு, அதை எப்போதும் கையில் வைத்திருங்கள். புதிதாக வருகிற பலரும் மரத்தை அளவுக்கு மீறிக் குட்டையாக்கிவிடுகிறார்கள். பழைய ஈப்போவின் இரண்டு மாடிக் கடைவீடு எட்டு மீட்டர் என்றால் உங்கள் தோட்டத்தில் அது 36 சென்டிமீட்டர். தெருவோரப் பெருமரம் அதன் கூரைக்கு மேலே கிளை விரித்து நிற்க வேண்டும். கூரைக்குக் கீழே அடங்கிய மரம் கண்ணுக்கு வேலிச் செடியாகத்தான் படும்.

2. செய்யப்போகும் மரத்தை முதலில் போய்ப் பாருங்கள்.

இந்தக் கலையைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர், அமெரிக்கர். இங்கிலாந்தின் பெக்கன்ஸ்காட் என்ற குட்டி ஊர் 1929-இல் தொடங்கியது. குட்டை ஊசியிலை மரங்களுக்கு நடுவே அங்கே இன்றும் சிறு ரயில் ஓடுகிறது. அழகான வேலை. ஆனால் அவர்கள் தங்கள் நாட்டு மரத்தை வடித்தார்கள். அந்த நூல்களைப் பார்த்துக் குளிர்நாட்டு ஸ்புரூஸ் கன்றை வாங்கிவந்து ஈப்போ வெயிலில் வைத்தால் அது மெல்ல மெல்லச் சாகும். கேமரன் மலையில் வீடு உள்ளவர்கள் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம்.

தைப்பிங் ஏரிப் பூங்காவில் 1880-களில் நட்ட மழைமரங்கள் தண்ணீரின் மேல் கை நீட்டி நிற்கின்றன. போய் உட்கார்ந்து, அடிமரம் எவ்வளவு உயரத்தில் பிரிகிறது, கிளை எந்தக் கோணத்தில் போகிறது, தழை எங்கே தொடங்குகிறது என்று கோட்டுப்படம் போடுங்கள். ஈப்போ ரயில் நிலையத்தின் முன்னால் ஊருக்குப் பெயர் தந்த ஈப்போ மரம் நிற்கிறது. கட்டடக் கலைஞர் ஹப்பக் வரைந்து, 1917-இல் கட்டி முடித்த அந்த வெள்ளை மாளிகையைப் படம் எடுக்கிறவர்கள் பலர். மரத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள் குறைவு. குனோங் ராப்பாட் பக்கம் போனால் சுண்ணாம்புப் பாறையின் நெற்றியில் அத்தி இனங்கள் வேரை வழியவிட்டுத் தொங்குவதைக் காணலாம். கண்ணில் பதியாத மரத்தைக் கையால் வடிக்க வராது.

3. செடியை வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்.

இலை சிறிதா? பழைய கட்டையில் வெட்டினாலும் துளிர்க்குமா? நாள்தோறும் மழை பெய்தாலும் வேர் அழுகாமல் தாங்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால் வாங்கலாம்.

எனக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன். ஜெலித்தி: மெல்லிய இலை, தொங்கும் வெள்ளைப் பூ, வெட்டினால் சளைக்காமல் துளிர்க்கும். கெமுனிங்: சுண்ணாம்பு மண்ணிலும் செழிக்கும், அடிமரம் வெளுத்து முதுமை காட்டும். பராய்: இலை சொரசொரப்பானது. திருச்சிக்குப் பக்கத்தில் திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரம் இது. மலாய்க்காரர்கள் கெசினாய் என்பார்கள். ஈப்போ மரமும் பராயும் ஒரே குடும்பம், இரண்டிலும் பால் வடியும். அதனால் ரயில் நிலையத்தின் முன்னால் நிற்கிற மரத்துக்கு நான் பராயைத்தான் வைப்பேன். சிலோன் மிர்ட்டில்: பொடி இலை, வளைந்து தொங்கும் கிளை, பாதை ஓரத்துப் பெலுக்கார் என்னும் புதர்க்காட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. புளியைப் பற்றித் தனியே சொல்கிறேன்.

காகிதப்பூச் செடியும் இட்லிப்பூச் செடியும் பார்க்க அழகுதான், ஆனால் பூ அளவைக் கெடுத்துவிடும். நாலு சென்டிமீட்டர் பூங்கொத்து உங்கள் ரயில் உலகில் 90 சென்டிமீட்டர் அகலம். ஆசைப்பட்டு வைத்தால் மொட்டிலேயே கிள்ளிவிடுங்கள். பாதைக்கு அழகு சேர்க்கச் சுண்ணாம்புக் கல்லைப் போட்டிருந்தால் இட்லிப்பூ அங்கே வேண்டாம். அது புளிப்பு மண்ணில் வாழ்வது. சுண்ணாம்பு பட்டால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகும்.

4. பால்மரக் காட்டை வடிக்க விரும்பினால்.

பெரும்பாலான நம் பிள்ளைகள் இதைத்தான் செய்ய விரும்புகிறார்கள். தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டம் இன்று செம்பனையாகவோ வீடமைப்பாகவோ மாறிப்போயிருக்கும். லயமும் பெரட்டுக் களமும் ஆயாக் கொட்டகையும் இருந்த இடம் தெரியாது. அந்த இடத்தை ஆறடி மண்ணில் திரும்ப எழுப்ப வேண்டும் என்ற ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. அதனாலேயே இதைச் சரியாகச் செய்யுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

உண்மையான ரப்பர் கன்று இதற்கு உதவாது. அதன் மூவிலை ஒவ்வொன்றும் உங்கள் பொம்மை ஆளைவிடப் பெரிது. ஜெலித்தியை எடுங்கள். ஒரே தாய்ச்செடியிலிருந்து குச்சி வெட்டி நடுங்கள், பல இடத்தில் வாங்கிக் கலக்காதீர்கள். ஒட்டுக்கன்று நட்ட காட்டில் மரங்கள் ஒரே சாயலில்தான் நிற்கும். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் புகழ்பெற்ற 600-ஆம் எண் ஒட்டு நின்ற நிரைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். விதைக்கன்று நட்ட மிகப் பழைய காடு என்றால் மட்டும் ஒன்று பருத்தும் ஒன்று மெலிந்தும் இருக்கலாம்.

இனிக் கணக்கு. நிரைக்கு நிரை 20 அடி, மரத்துக்கு மரம் 12 அடி என்று வைத்துக்கொண்டால் உங்கள் மண்ணில் 27 சென்டிமீட்டரும் 16 சென்டிமீட்டரும் வரும். பால் வெட்டத் தொடங்கும்போது ரப்பர் மரத்தின் சுற்றளவு சுமார் 50 சென்டிமீட்டர் இருக்கும். வகுத்துப் பாருங்கள்: 2.2 சென்டிமீட்டர் சுற்றளவு, அதாவது ஏழு மில்லிமீட்டர் தடிமன். பென்சில் பருமனுள்ள ஜெலித்திக் குச்சி, வெட்டுக்குத் தயாரான பால்மரத்தின் அளவில்தான் இருக்கிறது. தடித்த அடிமரத்துக்காகப் பல வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் 12 சென்டிமீட்டருக்கு ஒரு கிளைகூட விடாதீர்கள். பால் வெட்டுகிறவர் நின்று வேலை செய்யும் உயரம் அது. அங்கே அடிமரம் மொட்டையாகத்தான் இருக்கும். அதற்கு மேலே கிளைகள் மேல்நோக்கிக் குறுகலாகப் பிரியட்டும். பக்கவாட்டில் விரியவிட்டால் அது ரம்புத்தான் தோப்பாகிவிடும். நிரையின் உள்ளே தழை ஒன்றையொன்று தொட்டு மேலே நிழல்கூரை கட்ட வேண்டும், கீழே இருட்டும் சருகும் இருக்க வேண்டும். பால் வெட்டிய பட்டையைக் காட்ட மரத்தைக் கீறாதீர்கள். மெல்லிய தூரிகையால் இடமிருந்து வலமாகச் சரியும் ஒரு கோடு போதும்.

பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் காடு இலை உதிர்த்து மொட்டையாகும். ஜெலித்திக்கு இலையை முழுவதும் உருவி எடுத்தால் சில வாரத்தில் புதுத் துளிரும் மொட்டும் சேர்ந்து வரும். போன்சாய் வளர்ப்போர் பூக்க வைக்கக் கையாளும் முறை இது. அதே வேலையை நீங்கள் பிப்ரவரியில் செய்தால் உங்கள் காடும் நிஜக் காட்டோடு சேர்ந்து இலையுதிர்க்கும், சேர்ந்தே துளிர்க்கும். மொட்டை மட்டும் கிள்ளிவிடுங்கள். நோயுற்ற செடிக்கும் மண் மாற்றிய புதுசுக்கும் இதைச் செய்யக் கூடாது.

5. பால்வெட்டுக்காரரின் கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோலக்கங்சாரில் 1877-இல் வந்திறங்கிய ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்குகிறது பேராக்கின் ரப்பர் வரலாறு. ஆனால் மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழியைச் சோதித்துக் காட்டியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் ரிட்லி. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரமான ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. மரம் பருப்பதும் காயம் ஆறுவதும் அதனால்தான். கத்தி அதைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு நிற்க வேண்டும். தொட்டுவிட்டால் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், அடுத்த சுற்றில் அங்கே வெட்ட முடியாது. விடியுமுன் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் மரத்துக்கு மரம் ஓடி ஓடி, அந்த ஒரு மில்லிமீட்டரைத் தவறவிடாமல் வெட்டிய பெண்கள் நம் தாய்மார்கள். அந்தத் திறமைக்குச் சான்றிதழ் யாரும் கொடுக்கவில்லை.

குட்டி மரத்திலும் அந்தப் படலம்தான் எல்லாம். கிளையை வெட்டும்போது அடிமரத்தோடு ஒட்ட வழித்துவிடாதீர்கள். கிளை பிறக்கும் இடத்தில் மோதிரம்போல் ஒரு தடிப்பு இருக்கும். அதை விட்டு வெளியே வெட்டினால் காயம் சுற்றிலுமிருந்து மூடிக்கொண்டு வரும். நீளமாகக் கட்டை விட்டாலும் கெடுதல்தான், அது காய்ந்து உள்ளே அழுகலைக் கொண்டுபோகும். கத்தரி நசுக்கிய ஓரத்தைக் கூர்மையான கத்தியால் சீவிவிடுங்கள். வீட்டில் பழைய பால் உளி இருந்து, அதைத் தீட்டத் தெரிந்த பெரியவரும் இருந்தால் அவரிடம் போய் உட்காருங்கள்.

6. எதை முதலில் வெட்டுவது?

காய்ந்தது, நோய்ப்பட்டது, ஒன்றையொன்று உரசுவது, உள்நோக்கி வளர்வது, செங்குத்தாகப் பீய்ச்சிக் கிளம்பும் நீர்க்கொழுந்து. இந்த ஐந்தையும் எடுத்துவிட்டுக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் அரை மணி நேரம் வேறு வேலை பாருங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது பெரும்பாலும் அதற்கு மேல் எதுவும் வெட்ட வேண்டியிருக்காது. ஒரே தடவையில் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

நிற்கும் இடமும் முக்கியம். குட்டி மரத்தை மேலிருந்து பார்த்து வெட்டினால் மேல்பக்கம் மட்டும் ஒழுங்காகும். தரையில் உட்கார்ந்து, ரயிலில் போகிறவர் கண் இருக்கும் உயரத்துக்கு உங்கள் கண்ணை இறக்கிப் பாருங்கள். அங்கிருந்து அடிமரம் தெரிய வேண்டும், கிளைகளுக்கு நடுவே வானம் தெரிய வேண்டும். வேலி வெட்டும் பெரிய கத்தரியால் சுற்றிலும் மழித்து உருண்டையாக்குவது நகராண்மைக் கழகச் சாலை நடுவில் உள்ள செடிக்குச் சரி. உங்கள் பாதையில் அப்படி ஓர் உருண்டையும் வேண்டாம்.

7. ஐந்து இலை விட்டு இரண்டுக்கு வெட்டுங்கள்.

புதுக் கொழுந்து ஐந்தாறு இலை நீளட்டும். பிறகு இரண்டு இலைக்கு வெட்டுங்கள். மிச்சமிருக்கும் கடைசி இலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் அடுத்த கிளை கிளம்பும். ஆகவே வெளிப்பக்கம் பார்க்கும் இலைக்குச் சற்று மேலே வெட்டுங்கள். இப்படியே திரும்பத் திரும்ப வெட்டும்போது கிளை இரண்டாகி நாலாகி எட்டாகும், இலையும் சிறுக்கும். நிழலில் வைத்துத் தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலை பெருத்துக் கணு நீண்டுவிடும். வெயிலில் வையுங்கள், உரத்தை அளவாகப் போடுங்கள்.

8. இங்கே குளிர்காலம் இல்லை என்பதை மறக்காதீர்கள்.

வெளிநாட்டு நூல்கள் செடி உறங்கும் மாதத்தில் வெட்டச் சொல்லும். பேராக்கில் செடி உறங்குவதே இல்லை. மழை ஓய்ந்த வாரத்தில்கூட வளர்ந்துகொண்டுதான் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை சிறு வெட்டு, வருடத்தில் இரண்டு முறை பெரிய வெட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வெட்டை மழை குறைந்த சனவரி, பிப்ரவரியிலும் சூன், சூலையிலும் செய்யலாம். ஏப்ரல், மே மாதத்திலும் அக்டோபர், நவம்பரிலும் நாள்தோறும் பிற்பகலில் இடிமழை கொட்டும். அப்போது திறந்த காயத்தில் பூஞ்சை ஏறிக்கொள்ளும். எந்த மாதமானாலும் காலையில் வெட்டுங்கள். மதிய வெயிலில் வெட்டுவாய் உலர்ந்தபிறகு மழை வரட்டும். தைப்பிங்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வருடத்துக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது.

ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

9. மழைமரத்துக்குப் புளி.

தைப்பிங் மழைமரம் மாலையிலும் மழை வருமுன்னும் இலையை மூடிக்கொள்ளும். புளியும் பொழுது சாய்ந்தால் இலை மூடும். இதைவிட வேறென்ன வேண்டும்? சந்தையில் வாங்கும் புளியிலேயே விதை கிடைக்கும். முளைத்து ஒரு சாண் வந்ததும் நடுக்குருத்தைக் கிள்ளிவிடுங்கள். மூன்று நான்கு கிளைகளை மட்டும் தேர்ந்து, அவற்றைக் கல் கட்டியோ கம்பி சுற்றியோ தாழ்வாக வெளிப்பக்கம் இழுத்துக் கட்டுங்கள். மழைமரம் உயரத்தைவிட அகலம் கூடியது. மேல்பக்கம் தட்டையாக, கீழ்ப்பக்கம் சுத்தமாக, கிளையின் அடிப்பாதி இலையில்லாமல் தெரிய வேண்டும். மேல்நோக்கிக் கிளம்பும் ஒவ்வொரு கொழுந்தையும் பிஞ்சிலேயே கிள்ளுங்கள். புளியின் பட்டை இளமையிலேயே வெடித்துக் கரடாகிவிடும். சில வருடத்தில் நூறு வயது மரம்போல் இருக்கும்.

10. அத்தி இனங்களைக் கல்லில் ஏற்றுங்கள், மண்ணில் இறக்காதீர்கள்.

மலாய்க்காரர்கள் ஜெஜாவி என்று சொல்லும் சிற்றிலை அத்தி, ஈப்போ மலைகளுக்கு உரியது. சிறு கன்றின் வேரைக் கழுவிக் கல்லின் பிளவுகளில் படியவைத்து, கயிற்றால் கட்டி, மேலே ஈரப்பாசி போர்த்தி, வேர்நுனி மட்டும் மண்ணில் இருக்குமாறு ஆழத் தொட்டியில் வையுங்கள். வேர் பருத்துக் கல்லைப் பிடித்தபிறகு மேல்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுங்கள். தொட்டியோடு பாதையருகே புதைத்தால் குனோங் ராப்பாட் மலைச்சுவர் உங்கள் முற்றத்தில் நிற்கும். அதற்காக மலையடிவாரத்தில் போய்க் கல் பெயர்த்து வராதீர்கள். அந்த மலைகளில் வேறெங்கும் இல்லாத செடிகளும் நத்தைகளும் வாழ்கின்றன. கல்லுடைப்பில் ஏற்கனவே நிறைய இழந்துவிட்டோம். கட்டடச் சாமான் கடையில் உடைகல் கிடைக்கும்.

தரையில் நேராக நட்ட அத்தி தண்டவாளத்தையே தூக்கிவிடும். நிஜ மரம் சுவரைப் பிளக்கிறது, குட்டி மரத்தின் வேருக்கும் அதே குணம்தான். வெட்டும்போது வடியும் பால் தண்டவாளத்தில் சொட்டினால் பிசினாக இறுகித் தூசியைச் சேர்க்கும், மின்சாரம் பாயாமல் எஞ்சின் அந்த இடத்தில் நிற்கும். வெட்டுமுன் பாதையின்மேல் பழைய துணி விரியுங்கள்.

11. எல்லா மரமும் தொட்டியோடு மண்ணில் இருக்கட்டும்.

ஓட்டையுள்ள தொட்டியை விளிம்புவரை புதைத்து, மேலே சரளையும் பாசியும் போட்டு மறைத்துவிடுங்கள். வேர் கட்டுக்குள் இருக்கும், நோய் வந்தால் தூக்கி எடுக்கலாம், பாதையை மாற்றினால் மரத்தையும் மாற்றலாம். தொட்டியின் அடியில் ஓர் ஓட்டுத்துண்டு வைத்தால் வேர் கீழே ஓடித் தப்பாது. ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, சுற்றி வளைந்த வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, புது மண் போடுங்கள். வேரை வெட்டிய அளவுக்குத் தழையையும் குறைக்க வேண்டும். பிறகு இரண்டு வாரம் நிழல்.

ஓட்டையில்லாத தொட்டி, தட்டு, கல்லின் குழி, சுரங்கப் பாதையின் வடிகால் எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு கரண்டித் தண்ணீர் போதும். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி அபராதமும் உண்டு. அபராதத்தைவிட, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டிங்கி வந்துவிடக் கூடாதே என்பதுதான் பெரிது.

12. மழை விட்டதும் பாதையைச் சோதியுங்கள்.

உங்களிடம் உள்ள மிகப் பெரிய பெட்டியின் குறுக்குவெட்டு அளவில், இரண்டு பக்கமும் மேலும் கொஞ்சம் இடம் விட்டு அட்டையில் ஒரு சட்டம் வெட்டி, அதை ஒரு சாதாரண வண்டியில் ஒட்டிப் பாதை முழுவதும் தள்ளிப் பாருங்கள். இலை எங்கே உரசுகிறதோ அங்கே வெட்டு. வளைவில் நீளப் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனை வெளிப்பக்கமும் தள்ளும், அங்கே இரு மடங்கு கவனம். இதைக் காய்ந்த நாளில் செய்து திருப்திப்படாதீர்கள். மழைநீர் பிடித்த சிலோன் மிர்ட்டில் கிளை இரண்டு விரல் தாழ்ந்துவிடும். நனைந்திருக்கும்போது உரசாமல் போனால்தான் சரி.

13. கம்பி.

அலுமினியக் கம்பி சுற்றிக் கிளையை வளைக்கலாம். நம் வெப்பத்தில் கிளை வேகமாகப் பருப்பதால் ஓரிரண்டு மாதத்திலேயே கம்பி பட்டைக்குள் அமிழ்ந்துவிடும். வாரந்தோறும் பாருங்கள். எடுக்கும்போது சுருளைப் பிரிக்காதீர்கள், துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள்.

14. தென்னை, செம்பனை, மூங்கில்.

பனை இனத்துக்கு ஒரே குருத்து. உச்சியை வெட்டினால் மரம் செத்தது. அடிமட்டையைக் கழிக்கலாமே தவிர உயரத்தைக் குறைக்க வழியில்லை. செம்பனைக்காடு வேண்டுமென்றால் சிறு சைக்கஸ் கன்றுகளை வைத்து மட்டையைக் கழித்து வாருங்கள், வளர்ந்துவிட்டால் வேறு கன்று மாற்றுங்கள். தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டராட்டா தோட்டத்தில் பழக்குலை ஏற்றிச் செல்ல அகலம் குறைந்த ரயில் பாதை போட்டிருக்கிறார்கள். தோட்ட ரயிலைச் செய்ய நினைப்பவர்கள் அதன் படங்களைத் தேடிப் பாருங்கள்.

மூங்கில் வேறு விதம். ஒரு கழியைக் கணுவுக்கு மேலே வெட்டினால் அது மீண்டும் உயராது, பக்கத்தில் மட்டும் தழைக்கும். குருத்து வெளிவரும்போதே பாளையை ஒவ்வொன்றாக உரித்துவந்தால் கணு இடைவெளி குறுகி, கழி குட்டையாகவே நின்றுவிடும்.

மூங்கில் காட்டைக் கண்டதும் சில பிள்ளைகள் சயாம் ரயில் பாதையைச் செய்கிறோம் என்கிறார்கள். 415 கிலோமீட்டர் பாதை. 1942-இலும் 43-இலும் நம் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் லாரி லாரியாக ஏற்றிப்போன தமிழர்கள் ஆயிரமாயிரமாக அதில் மாண்டார்கள். செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்தால் அதன் நடுவே ஒரு நினைவுக்கல் இருக்கட்டும், பார்க்க வருகிறவர்களுக்கு அது என்ன என்று சொல்லுங்கள்.

15. முதல் பாதைக்கு எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு.

தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதையை எடுங்கள். 1885 சூன் 1-இல் திறந்த, மலாயாவின் முதல் ரயில் பாதை. நீளம் சுமார் 13 கிலோமீட்டர். ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்டது. போட்டவர்கள் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினர். இன்று கோலா செப்பத்தாங் என்று பெயர் மாறிய அந்த ஊரில் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை தமிழ் எழுத்தோடு இன்னும் நிற்கிறது. ஒரு முனையில் ஏரிப் பூங்காவின் மழைமரம், மறுமுனையில் மாத்தாங் கண்டல் காடு, நடுவே பெலுக்கார். மூன்றே வகைத் தாவரத்தில் வேலை முடிந்துவிடும், புதியவருக்கு அதுதான் நல்லது.

பெலுக்காருக்குச் சிலோன் மிர்ட்டில். அதுவும் இலங்கையிலிருந்து வந்த செடிதான், அந்தப் பாதை ஓரத்தில் நிற்க அதற்கு உரிமை உண்டு. கண்டலுக்குச் சிற்றிலை அத்தியின் வேரைக் கால்களாகப் பிரித்து வளர்த்து, அடியில் நாலு சென்டிமீட்டர் வெற்றுவேர் தெரியவிடுங்கள். மாத்தாங் காட்டைக் கரிக்காக முப்பது வருடச் சுற்றில் வெட்டி மறுநடவு செய்வது வழக்கம். ஆகவே ஒரு பகுதி மரம் உயரமாகவும் பக்கத்துப் பகுதி ஒரே மட்டத்தில் குட்டையாகவும் இருந்தால்தான் அது மாத்தாங்.

16. வெட்டியதை எறியாதீர்கள்.

அத்தி, ஜெலித்தி, சிலோன் மிர்ட்டில் மூன்றும் குச்சியிலிருந்தே வரும். ஒரு சாண் நீளம், அடியில் சாய்வெட்டு, மேலே இரண்டே இலை. ஆற்றுமணலும் தேங்காய் நாரும் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் வைத்தால் ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். கெமுனிங்கை விதையிலிருந்தோ பதியம் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு தொட்டியிலும் எந்த மரத்திலிருந்து, எந்த மாதம் எடுத்தது என்று பென்சிலால் எழுதிய சீட்டைச் செருகிவையுங்கள். பேனா மை மழையில் கரைந்துவிடும். தண்டவாளம் வாங்கக் காசு சேர்கிறவரை காத்திருக்க வேண்டாம். குச்சியை இந்த வாரமே நடுங்கள், பாதை போடும்போது நிரை நிரையாக மரம் கையில் இருக்கும்.